இடப்பக்க விளக்கும் வலப்பக்கச் சாலையும்

பிரிட்டனிலிருந்து சொந்தக் காரிலேயே ஐரோப்பியப் பெருநிலத்துக்குச் செல்வோர், டோவரில் கப்பலேறி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் காலேயில் இறங்கினாலும், ஃபோக்ஸ்டனில் சுரங்க ரயிலில் காரை ஏற்றி 35 நிமிடத்தில் கோக்கெல் நிலையத்தில் வெளிவந்தாலும், முதல் சில கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையின் பக்கம் மாறியிருப்பதையே மனத்தில் வைத்திருப்பார்கள். வட்டச் சந்தியை எதிர்த்திசையில் சுற்றவேண்டும், முந்துவதற்கு இடப்புறம் எடுக்கவேண்டும், வேகப் பலகையில் இருப்பது மைலன்று கிலோமீட்டர் என்பனவெல்லாம் கண்ணெதிரே வந்து நிற்பதால் அவை மறக்கப்படுவதில்லை. காருக்குள் இருப்பவருக்குப் புலப்படாமல், எதிரே வருபவருக்கு மட்டுமே புலப்படும் வகையில் பக்கம் தவறி நிற்பது முகப்பு விளக்கு ஒன்றுதான். லண்டனிலிருந்து பாரிசின் லாச்சப்பல் கடைத்தெருவுக்கோ, ஜெர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கோ, லூர்து மாதா திருத்தலத்துக்கோ குடும்பத்தோடு காரில் போய்வருவது பிரிட்டன் வாழ் தமிழரிடையே வழக்கமாகிவிட்ட நிலையில், இரவுப் பயணத்துக்கு முன் அந்த விளக்கை எவ்வாறு மாற்றியமைப்பது என்பதை இவ்வத்தியாயம் விளக்குகிறது.

ஐரோப்பாவில் பிரிட்டன், அயர்லாந்து, மால்ட்டா, சைப்ரஸ் ஆகியவற்றில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. ஏனைய நாடுகளில் வலப்பக்கம். ஆகையால் இங்கே கூறப்படுவது இடப்பக்க நாட்டுக் கார் வலப்பக்க நாட்டுக்குச் செல்வதைப் பற்றியது. பாரிசிலிருந்து லண்டனுக்கு வரும் கார் இதே செய்திகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பக்கம் மாற்றிப் படித்துக்கொள்ளவேண்டும். தாய்லாந்திலிருந்து பாலம் கடந்து லாவோசுக்குள் நுழையும் மலேசியக் காருக்கும் பொருந்துவது இதே கணக்குதான்.

கதிரின் வடிவம்

காரின் முன்விளக்கு இருவகைக் கதிர்களைத் தருகிறது. நேராகவும் தொலைவாகவும் பாய்வது உயர்கதிர். பேச்சில் ‘பிரைட்’ எனப்படுவது இது. எதிரே வண்டி வரும்போதும் ஊருக்குள்ளும் பயன்படுத்தப்படுவது தாழ்கதிர், அதாவது ‘டிம்’. உயர்கதிர் இரு பக்கமும் ஒத்திருப்பதால் அதை எந்த நாட்டிலும் மாற்றவேண்டியதில்லை. சிக்கல் முழுவதும் தாழ்கதிரைச் சேர்ந்தது, ஏனெனில் அது வேண்டுமென்றே ஒருபக்கம் சாய்த்து வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

சமதளத்தில் ஒரு சுவரின் முன் காரை நிறுத்தித் தாழ்கதிரைப் போட்டால், சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு கத்தரித்தாற்போல் ஒரு கோடாகத் தெரியும். இதை வெட்டுக்கோடு என்று கொள்ளலாம். பிரிட்டன் காரில் இக்கோடு வலப்புறம் கிடையாக நீண்டிருக்க, நடுவிலிருந்து இடப்புறம் மட்டும் பெரும்பாலும் 15 பாகைச் சாய்வில் மேல்நோக்கி ஏறியிருக்கும். அந்த ஏறிய பகுதியை இவ்வத்தியாயம் ஒளிச்சிறகு என்று குறிப்பிடும். சாலையோர நடைபாதை, அங்கே நடப்பவர், வழிப்பலகை ஆகியவற்றைத் தொலைவிலேயே காட்டுவது ஒளிச்சிறகின் வேலை. எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழேயே ஒளியை அடக்கிவைப்பது மறுபக்கத்துக் கிடைக்கோட்டின் வேலை. வலப்பக்கச் சாலையில் இதே கார் ஓடும்போது இந்த இரண்டு வேலைகளும் இடம் மாறிப்போகின்றன. சாலையோரம் இருண்டுகிடக்க, எதிரே வருபவர் இருக்கும் இடப்புறத்தில் ஒளிச்சிறகு எழுந்து நிற்கிறது.

கூச்சம் எவ்வளவு என்பதைச் சிறு கணக்கு ஒன்றால் உணரலாம். எதிரே வரும் ஓட்டுநர் 50 மீட்டர் தொலைவில் இருக்கும்போது அவருடைய கண், விளக்கிலிருந்து பக்கவாட்டில் சுமார் 3 மீட்டர் விலகியும் விளக்கின் மட்டத்திலிருந்து சுமார் அரை மீட்டர் உயர்ந்தும் இருப்பதாக விளக்குச் சோதனை விதிகள் கொள்கின்றன. 15 பாகைச் சாய்வில் ஏறும் ஒளிச்சிறகு, பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. எனவே பக்கம் தவறிய விளக்கில் அந்தக் கண் ஒளிச்சிறகின் உள்ளேயே அகப்படுகிறது. ஹாலோஜன் முகப்பு விளக்குகளுக்கான ஐ.நா. விதி 112, 25 மீட்டர் தொலைவில் நிறுத்தப்படும் திரையில் எதிர் ஓட்டுநரின் கண்ணுக்குரிய புள்ளியில் 0.4 லக்சுக்கு மேல் ஒளி விழக்கூடாதென்றும், சொந்தப் பக்கச் சாலையோரத்தில் 75 மீட்டர் தொலைவுக்குரிய புள்ளியில் 12 லக்சுக்குக் குறையக்கூடாதென்றும் நீண்டகாலம் வரையறுத்திருந்தது; லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அளவு. ஒரே விளக்கின் இரு பக்கங்களுக்கிடையே விதி எதிர்பார்த்த வேறுபாடு ஏறத்தாழ முப்பது மடங்கு என்பதை நினைத்தால், பக்கம் தவறுவது சிறு குறை என்று ஒதுக்கத்தக்கதன்று என்பது புலனாகும்.

சட்டம் கேட்பது

பிரான்சுக்குப் போனால் விளக்கின்மேல் ஒட்டிக் கதிரைத் திருத்தும் ஒட்டுகளின் பொட்டலம் ஒன்றைக் காரில் வைத்திருப்பது கட்டாயம் என்று பிரிட்டனில் பலர் நம்புகிறார்கள். கப்பலிலும் துறைமுகக் கடைகளிலும் அது தொங்குவதால் அந்நம்பிக்கை வளர்ந்திருக்கலாம். பிரெஞ்சுச் சாலைச் சட்டத் தொகுப்பு கேட்பது பொட்டலத்தையன்று, விளைவை. தாழ்கதிர், தெளிந்த வானிலையுள்ள இரவில் குறைந்தது 30 மீட்டர் தூரம் சாலையைத் திறம்படக் காட்டவேண்டும் என்பதும், மற்ற ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கக்கூடாது என்பதும் அதன் ஒரே வாக்கியத்தில் இணைந்துள்ள இரு நிபந்தனைகள். இவ்விரண்டில் இரண்டாவதை மட்டும் நினைத்துக்கொண்டு, கண்ணாடியின் பாதியைக் கறுப்பு நாடாவால் மூடிவிடுபவர் முதல் நிபந்தனையை மீறுகிறார். ஒட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஒட்டாமலே ஓட்டுபவர் இரண்டாவதை மீறுகிறார், அவ்வகையினரே அதிகம்.

பகலில் மட்டுமே ஓட்டுவோம், ஆகவே விளக்கைத் தொடவேண்டியதில்லை என்ற வாதமும் நிற்காது. மழையிலும் மூடுபனியிலும் சுரங்கப்பாதையிலும் தாழ்கதிர் தேவைப்படும். போலந்து, செக் குடியரசு, நார்வே போன்ற நாடுகளில் ஓடும் வாகனத்தின் முன்விளக்கு பகலிலும் எரியவேண்டும். குளிர்காலத்தில் வட பிரான்சில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால், காலையில் லண்டனை விட்டுப் புறப்பட்டவர் பாரிசை எட்டும் முன்பே தாழ்கதிரோடு ஓடவேண்டியிருக்கும்.

எந்த விளக்கு என்று அறிதல்

மாற்றியமைக்கும் வழி விளக்கின் வகையைப் பொறுத்தது. ஆகையால் கடைக்குப் போவதற்கு முன் காரின் முன்னால் குனிந்து கண்ணாடியைப் படிப்பதுதான் முதல் வேலை. விளக்கின் கண்ணாடியிலோ பிளாஸ்டிக் மூடியிலோ, வட்டத்துக்குள் E என்ற எழுத்தும் ஓர் எண்ணும் வார்க்கப்பட்டிருக்கும். அந்த எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். அது கார் ஓடவேண்டிய நாட்டைக் குறிப்பதில்லை. ஜெர்மனியில் ஒப்புதல் பெற்ற விளக்கு பிரிட்டன் சாலைக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கலாம். அருகிலுள்ள எழுத்துகளில் C தாழ்கதிரையும் R உயர்கதிரையும் குறிக்க, அவற்றின் முன் H நின்றால் ஹாலோஜன், D நின்றால் ஜெனான் எனப்படும் மின்னிறக்க விளக்கு என்று அறியலாம்.

பக்கத்தைச் சொல்வது அம்புக்குறி. விளக்கை எதிர்நோக்கி நிற்பவரின் வலப்புறம் நோக்கிய கிடை அம்பு இருந்தால் அது இடப்பக்கச் சாலைக்கு மட்டும் உரிய விளக்கு. அம்பே இல்லையென்றால் வலப்பக்கச் சாலைக்குரியது. இருமுனையிலும் கூர் உள்ள அம்பு இருந்தால் இரு பக்கத்துக்கும் ஏற்ற விளக்கு; ஆனால் அதைத் தானே மாறும் விளக்கு என்று கொள்ளக்கூடாது. மாற்றுவதற்கான வழி அதற்குள்ளேயே இருக்கிறது என்பதே அதன் பொருள்.

கண்ணாடியின் அமைப்பைக் கொண்டு விளக்குகளை மூன்று தலைமுறைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, கண்ணாடியிலேயே வரிவரியாகப் பள்ளங்கள் வார்க்கப்பட்ட பழைய விளக்கு. இதில் ஒளியைப் பரப்புவது கண்ணாடி என்பதால், ஒளிச்சிறகை உண்டாக்கும் பகுதியும் அதில் விசிறி வடிவில் கண்ணுக்கே தெரியும். அந்த விசிறியைக் கறுப்பு நாடாவால் மறைத்தால் ஒளிச்சிறகு மறைந்து எஞ்சிய ஒளி அப்படியே இருக்கும். பழைய காலத்து ஓட்டுநர்கள் துண்டு நாடாவோடு ஐரோப்பாவைச் சுற்றிவந்ததற்கு அதுவே காரணம். அவர்கள் சொல்லிச்சென்ற வழி இன்றைய காருக்குப் பொருந்தாமல் போவதற்கும் அதுவே காரணம். இவ்வகையில் சில விளக்குகளில் பல்பின் இருக்கையைச் சற்றே திருப்பி வைத்துப் பக்கம் மாற்றவும் வழியுண்டு. இருமுனை அம்பு அவற்றில் காணப்படும்.

இரண்டாவது, கண்ணாடி தெளிவாக இருக்க, பின்னாலுள்ள பிரதிபலிப்பான் பல முகங்களாகப் பட்டை தீட்டப்பட்ட விளக்கு. இதில் ஒவ்வொரு முகமும் ஒளிக்கோலத்தின் ஒரு பகுதிக்குப் பொறுப்பு. ஒளிச்சிறகுக்குரிய முகங்கள் எவை என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது என்பதால், ஊகித்து நாடா ஒட்டுவது இங்கே பயன்படாது. காரின் பெயரையும் ஆண்டையும் பார்த்து இடம் குறித்துத்தரும் படத்தாளோடு வரும் ஒட்டே இதற்கு ஏற்றது.

மூன்றாவது, கண்ணாடிக் குண்டுபோல் ஒற்றை வில்லை முன்னே நிற்கும் புரொஜெக்டர் விளக்கு. பழைய திரையரங்கில் படச்சுருளை வில்லை தலைகீழாக்கித் திரையில் காட்டியதுபோல, இதனுள் இருக்கும் ஓர் உலோகத் தகட்டின் விளிம்பை வில்லை தலைகீழாக்கிச் சாலையில் வெட்டுக்கோடாக விழச்செய்கிறது. இதில் மறக்கக்கூடாத ஓர் ஒளியியல் உண்மை உண்டு: வில்லையின் ஒவ்வொரு பகுதியும் ஒளிக்கோலம் முழுவதற்கும் ஒளி தருகிறது. ஆகவே வில்லைக்கு முன்னால் ஒளிபுகா ஒட்டு ஒன்றை ஒட்டினால் ஒளிச்சிறகு மட்டும் மறையாது. மொத்த ஒளியும் மங்கி, அந்த மங்கலுக்குள்ளும் ஒளிச்சிறகு எழுந்தே நிற்கும். கூச்சம் கொஞ்சம் குறையும், சாலை நிறைய இருளும். புகைப்படக் கருவியின் வில்லையில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் படத்தில் அது புள்ளியாக விழுவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புரொஜெக்டர் விளக்குக்கு ஒளியை மறைக்கும் ஒட்டு போதாது. ஒளியைத் திருப்பும் பட்டக ஒட்டோ உள்ளிருக்கும் தகட்டையே மாற்றுவதோதான் வழி. பட்டகம் என்பது தன் வழியே செல்லும் ஒளியை ஒரு பக்கமாக வளைத்துவிடும் சாய்வான படிகம். அதே வேலையைச் செய்யும் நுண்வரிகள் அந்த ஒட்டின் முதுகில் இருக்கும்.

பல உற்பத்தியாளர்கள் அந்தத் தகட்டை நகர்த்த வழி வைத்திருக்கிறார்கள். சில கார்களில் எஞ்சின் மூடியைத் திறந்து, விளக்கின் பின்மூடியைக் கழற்றினால் விரலால் நகர்த்தத்தக்க சிறு நெம்பு ஒன்று இருக்கும். அதைத் தள்ளினால் ஒளிச்சிறகு மடங்கி வெட்டுக்கோடு இருபுறமும் கிடையாகிவிடும். ஜெனான் விளக்கில் இதைச் செய்வதானால் விளக்கை அணைத்துச் சாவியை எடுத்த பிறகே பின்மூடியைத் தொடவேண்டும். அதை எரியவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. ஐயமிருந்தால் பணிமனையில் கொடுப்பதே அறிவுடைமை. புதிய ஜெனான், எல்.இ.டி. கார்களில் இவ்வேலை திரைக்குள் போய்விட்டது. ஃபோக்ஸ்வாகன் கார்களில் பயணமுறை என்ற பெயரில் விளக்கு அமைப்புப் பட்டியலில் அது கிடைக்கிறது; வேறு நிறுவனங்கள் வேறு பெயரிட்டு வேறு பட்டியலுக்குள் வைத்திருக்கின்றன. வழிகாட்டிக் கருவி தரும் இடத்தகவலைக் கொண்டு எல்லை கடந்ததும் தானே மாறிக்கொள்ளும் உயர்விலை மாடல்களும் உண்டு. தன் காரின் தாழ்கதிர் போதிய அளவு தட்டையானது, எதுவும் செய்யவேண்டியதில்லை என்று உற்பத்தியாளரே கையேட்டில் எழுதியிருப்பதும் உண்டு; அப்படி எழுதியிருந்தால் அதன்மேல் ஒட்டும் ஒட்டு நன்மையைவிடத் தீமையே செய்யும். ஆகவே கையேட்டின் பொருளடக்கத்தில் முகப்பு விளக்கு, வெளிநாட்டுப் பயணம் என்ற இரு தலைப்புகளையும் தேடிப் படித்த பிறகே கடைக்குப் போவது நல்லது. ஐந்து நிமிட வாசிப்பு, துறைமுக வாகன நிறுத்தத்தில் மழையில் நனைந்துகொண்டு படத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

எதிரே வரும் வண்டியைக் கேமராவால் கண்டு, உயர்கதிரில் அந்த இடத்தை மட்டும் இருளாக்கும் மேட்ரிக்ஸ் விளக்கு 2013-ஆம் ஆண்டு ஆடி ஏ8 காரோடு சந்தைக்கு வந்து பரவிவருகிறது. பயணமுறையில் இதன் சில வசதிகள் நின்றுவிடலாம் என்பதால் அதைப் பழுது என்று எண்ணவேண்டாம். மோட்டார் சைக்கிள்களைப் பொறுத்தவரை, சிறியவற்றின் விளக்கு பெரும்பாலும் இருபுறமும் ஒத்த கதிரையே தரும். பெரிய வண்டிகளில் சாய்கதிர் உண்டு. சுவர்ச் சோதனை அதைச் சொல்லிவிடும்.

ஒட்டும் முறை

சுவர்ச் சோதனையை வீட்டிலேயே, ஒட்டுவதற்கு முந்தைய மாலையில் செய்துகொள்வது சிறப்பு. சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் காரை நேராக நிறுத்தி, விளக்குகளின் நடுப்புள்ளி உயரத்தில் சுவரில் ஒரு காகித நாடாவைக் கிடையாக ஒட்டவேண்டும். தாழ்கதிரைப் போட்டதும் வெட்டுக்கோட்டின் கிடைப்பகுதி அந்த நாடாவுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழுந்தால் விளக்கின் சாய்வு ஒரு விழுக்காடு என்று பொருள். பல கார்களுக்கு அதுவே ஏறத்தாழச் சரியான அளவு. ஒளிச்சிறகு தொடங்கும் இடத்தையும், அங்கிருந்து இடப்புறம் ஒரு மீட்டர் தள்ளி அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் பென்சிலால் குறித்துக்கொண்டால் ஒட்டிய பின் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒட்டுக்கு முன் அந்த ஏற்றம் 27 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்.

ஒட்டும்போது விளக்கு ஆறியிருக்கவேண்டும், கண்ணாடி எண்ணெய்ப் பிசுக்கின்றி உலர்ந்திருக்கவேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டியது நெடுஞ்சாலை வேகத்தில் பறந்துபோகும். பல விளக்குகளின் மூடியில் ஒளி நடுவத்தைக் காட்டும் சிறு புள்ளியோ வளையமோ வார்க்கப்பட்டிருக்கும். படத்தாளில் காட்டப்படும் அளவுகள் பெரும்பாலும் அங்கிருந்தே எண்ணப்படுகின்றன. புள்ளி தென்படாவிட்டால் தாழ்கதிரைச் சில நொடி போட்டு ஒளிமூலத்தின் நேர்முன் இடத்தை மெழுகுப் பென்சிலால் குறித்து அணைத்துவிடலாம். உயர்கதிருக்கும் தாழ்கதிருக்கும் தனித்தனிக் கிண்ணம் உள்ள காரில் தாழ்கதிர்க் கிண்ணத்தின் முன்மட்டுமே ஒட்டவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கவேண்டியதுதான். ஆயினும் இரண்டின்மேலும் ஒட்டிய கார்களைத் துறைமுகங்களில் காணலாம். இடவிளக்குக்கும் வலவிளக்குக்கும் உரிய ஒட்டுகள் ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் இடம் வேறு; ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக மற்றதை ஒட்டினால், ஒரு விளக்கு திருந்தி மற்றது அப்படியே நிற்கும். இரண்டு விளக்குகளும் ஒரே பக்கமாகவே ஒளிச்சிறகை எழுப்புகின்றன என்பதை மனத்தில் கொண்டால் இத்தவறு நேராது.

பிறகு அதே சுவர். இடப்புற ஏற்றம் மறைந்து கோடு கிடையாகியிருந்தாலோ, ஏற்றம் வலப்புறம் மாறியிருந்தாலோ வேலை முடிந்தது. இடப்புறத்தில் மங்கலான ஏற்றம் எஞ்சியிருந்தால் ஒட்டைச் சில மில்லிமீட்டர் நகர்த்தித் திரும்பப் பார்க்கவேண்டும். முன்னே சாலை போதிய அளவு தெரிகிறதா என்பதையும் வீட்டுத் தெருவிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பிரிட்டன் சாலையில் இப்போது விளக்கு பக்கம் தவறி நிற்கிறது என்பதால் அது சிறு ஓட்டமாகவே இருக்கவேண்டும். துறைமுகத்துக்குப் போகும் வழி முழுவதையும் இரவில் கடக்கவேண்டியவர், ஒட்டின் இடத்தை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு கப்பலுக்கோ ரயிலுக்கோ காத்திருக்கும் நேரத்தில் ஒட்டுவதே முறை.

சுமையும் சாய்வும்

ஒட்டும் நெம்பும் திருத்துவது பக்கத்தை மட்டுமே, உயரத்தையன்று. விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து ஒரு விழுக்காடு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் அதன் கிடைக்கோடு 65 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். முன் பின் சக்கரங்களுக்கிடையே 2.6 மீட்டர் இடைவெளியுள்ள காரில், பின்பகுதி முன்பகுதியைவிட 2.6 சென்டிமீட்டர் கூடுதலாகத் தாழ்ந்துவிட்டாலே அந்த ஒரு விழுக்காட்டுச் சாய்வு முழுவதும் அழிந்து, ஒளி தரையைத் தொடாமல் நேரே போகத் தொடங்கும். பின்னிருக்கையில் மூவர் அமர, பெட்டியறையில் துணிமணியோடு திரும்பும் வழியில் லாச்சப்பலில் வாங்கிய அரிசி மூட்டையும் மளிகையும் ஏறிவிட்டால் இரண்டரை சென்டிமீட்டர் தாழ்வதற்கு அதிக நேரம் பிடிக்காது. ஒட்டு மிகச் சரியாக ஒட்டப்பட்டிருந்தும் எதிரே வருபவர்கள் விளக்கை அடித்து அடித்துக் காட்டுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஹாலோஜன் விளக்குள்ள பல கார்களில் திசைமாற்றிச் சக்கரத்தின் இடப்புறமோ வலப்புறமோ 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு உருளை இருக்கும். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது 0. சுமை ஏற ஏற எண்ணைக் கூட்டவேண்டும். எந்தச் சுமைக்கு எந்த எண் என்பது கையேட்டில் இருக்கும். 2,000 லூமனுக்கு மேல் ஒளி தரும் மூலங்கள், அதாவது வழக்கமான ஜெனான் விளக்குகள், தாமே சாய்வைச் சரிசெய்துகொள்ளவேண்டும் என்று ஐ.நா. விதி 48 கோருவதால் அத்தகைய கார்களில் இவ்வுருளை இருப்பதில்லை. ஊர் திரும்பிச் சுமையை இறக்கியதும் உருளையை 0-க்குக் கொண்டுவர மறந்தால், அடுத்த சில வாரங்களுக்குக் காரின் முன் சிறிது தூரத்துக்கு அப்பால் இருட்டாகவே இருப்பதுபோல் தோன்றும்.

விளக்கைப் பயணத்துக்கு ஏற்ப மாற்றுவது புதிய தொல்லையன்று. பிரான்சில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை முகப்பு விளக்கு மஞ்சள் ஒளி தரவேண்டும் என்ற விதி இருந்தது. அக்காலத்தில் பிரிட்டனிலிருந்து சென்ற பலர் கண்ணாடிக்கு மஞ்சள் வர்ணம் பூசிக்கொண்டு போனார்கள். சுவீடன் 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்று ஒரே இரவில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது நாட்டின் வாகனங்கள் எல்லாவற்றிலும் முகப்பு விளக்கை மாற்றவேண்டியிருந்தது. 1955-இல் நடந்த வாக்கெடுப்பில் மக்களில் பெரும்பான்மையோர் மறுத்திருந்தும் அந்நாட்டு நாடாளுமன்றம் மேலும் தள்ளிப்போட விரும்பாததற்கு விளக்கும் ஒரு காரணம். அன்றைய சுவீடன் கார்களில் பெரும்பாலானவை விலை மலிவான, ஒரே அளவுள்ள வட்ட விளக்குகளைக் கொண்டிருந்தன. ஒவ்வொரு மாடலுக்கும் தனி வடிவ விளக்கு செய்யும் வழக்கம் மற்ற நாடுகளில் தொடங்கிவிட்டிருந்ததால், காத்திருக்கக் காத்திருக்க மாற்றும் செலவு ஏறிக்கொண்டே போகும் என்று கணக்கிடப்பட்டது.

நிரந்தரமாகக் கொண்டுசெல்லும் வாகனம்

ஒட்டும் பயணமுறையும் விருந்தாளி வண்டிக்குரியவை. பிரான்சிலோ ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வாழ்ந்த குடும்பம் பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்து, தன் காரையும் கொண்டுவந்து அங்கே பதிவுசெய்ய முனைந்தால் கணக்கு வேறாகிவிடும். தாழ்கதிர் இடப்பக்கச் சாலைக்கு உரியதாக நிலையாக மாறவேண்டும். அதற்குப் பெரும்பாலும் இரண்டு முகப்பு விளக்குகளையும் புதிதாக வாங்கவேண்டியிருக்கும். பின்புற மூடுபனி விளக்கு ஒன்றுமட்டும் இருந்தால் அது நடுவிலோ வலப்புறத்திலோ அமையவேண்டும், வேகமானி மைலைக் காட்டவேண்டும். ஜெனான், மேட்ரிக்ஸ் விளக்குகளின் விலை பழைய காரின் மதிப்பையே எட்டிப்பிடிக்கக்கூடியது என்பதால், காரைக் கொண்டுவருவதா விற்றுவிட்டு வருவதா என்பதை விளக்கின் விலையைக் கேட்டறிந்த பின் முடிவுசெய்வதே சிக்கனம். காரின் பயணமுறையை நிரந்தரமாகப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்போர் உண்டு. அது தட்டைக் கதிரைத்தான் தருகிறது. ஆண்டுக்கணக்கில் அதை வைத்து ஓட்டுபவர் இடப்புற நடைபாதையைத் தொலைவிலேயே காட்டும் ஒளிச்சிறகை இழந்தே ஓட்டுகிறார்.

பயணம் முடிந்து திரும்புபவர் டோவரிலோ ஃபோக்ஸ்டனிலோ இறங்கியதும், நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் ஒட்டை உரித்துவிடவேண்டும். இல்லையேல் பிரெஞ்சுக்காரரின் கண்ணைக் காத்த அதே ஒட்டு கென்ட் மாவட்டத்து ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும். விளக்கைச் சிறிது நேரம் எரியவிட்டுக் கண்ணாடி இளஞ்சூடானதும் அணைத்துவிட்டு, ஒரு மூலையை நகத்தால் தூக்கி மெல்ல இழுத்தால் ஒட்டு முழுதாக வந்துவிடும். கத்தியாலோ சுரண்டியாலோ கிளறினால் பாலிகார்பனேட் மூடியின் மேற்பூச்சு கிழிந்து, பின்னாளில் அந்த இடம் மஞ்சளித்து மங்கும். எஞ்சிய பசையைச் சோப்புநீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். உரித்த ஒட்டை அடுத்த பயணத்துக்கென்று திரும்பவும் ஒட்ட முயல்வது வீண். அதன் பசை ஒருமுறைக்கே போதுமானது. மாதக்கணக்கில் அப்படியே விட்டு வைத்த ஒட்டு வெயிலில் இறுகிவிடும். அதோடு ஆண்டுச் சோதனைக்குப் போகும் கார், கதிர் இடப்பக்கம் சரியாக விழவில்லை என்று திருப்பி அனுப்பப்படலாம். நெம்பைத் தள்ளியவரும் திரையில் பயணமுறையைப் போட்டவரும் அதே துறைமுக நிறுத்தத்தில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அருகிலிருக்கும் சுவரொன்றில் ஒளிச்சிறகு இடப்புறம் திரும்ப எழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.